அரிய அல்லீலை அழுக்கென்று கழுவிய சீக்வென்சிங் சேவை

96 ஸ்டிக்கிள்பேக் மீன்களின் துடுப்பு நுனிகளை எத்தனாலில் போட்டு அனுப்பினேன். ஒட்டுண்ணியை அடையாளம் காண உடலுக்கு உதவும் எம்ஹெச்சி இரண்டாம் வகுப்பு மரபணுவின் எக்ஸான் 2 என்ற பகுதியைப் படித்து, எந்த மீனில் எந்த அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) என்று பட்டியல் தருவதாகச் சொன்ன சேவை. பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு குப்பிகளில் எத்தனால் ஆவியாகியிருந்ததைக் கவனித்து, என்னிடம் கேட்ட பிறகே வேலையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு தனித்தனி பிசிஆர் (டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் வேலை). மூல ரீடுகளையும் (கருவி படித்த வரிசைகள், வடிகட்டுவதற்கு முன்) கேட்காமலே தந்தார்கள். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

பட்டியலைத் திறந்தால், எந்த மீனுக்கும் இரண்டு அல்லீலுக்கு மேல் இல்லை. ஒரே நகலுள்ள மரபணுவென்றால் அது சரி. ஆனால் ஸ்டிக்கிள்பேக்கில் இந்த மரபணு பல நகல்களாக இருக்கிறது, எண்ணிக்கை மீனுக்கு மீன் மாறும். நடுத்தர எண்ணிக்கையில் அல்லீல் உள்ள மீனுக்கே ஒட்டுண்ணித் தொல்லை குறைவு என்று ஜெர்மனியில் 2003-இலேயே காட்டியிருக்கிறார்கள். என் கேள்வியே அந்த எண்ணிக்கைதான். அதை இரண்டில் வெட்டிவிட்டால் என்ன மிச்சம்? (அட்லாண்டிக் காட் மீனை அனுப்பியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. அதனிடம் இரண்டாம் வகுப்பு மரபணுவே கிடையாது என்பது 2011-இல் தெரிந்துவிட்டது.)

அப்புறம் வடிகட்டி. ஒரே ஒரு மீனில் தென்பட்ட வரிசையையெல்லாம் பிசிஆர் பிழை என்று நீக்கியிருந்தார்கள். பிழை வரும்தான், இரண்டு அல்லீல் பாதி பாதியாக ஒட்டிக்கொண்டு வரும் கலப்பு வரிசைகள் இந்த மரபணுவில் சகஜம். ஆனால் ஒட்டுண்ணி ஏமாற்றப் பழகுவது பெரும்பாலான மீன்களிடம் உள்ள அல்லீலை. அரியது வைத்திருக்கும் மீன் தப்பிக்கும். காட்டு மீன்களில் இத்தனை பன்மை நிலைப்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. அந்த அரியதைக் கழுவிவிட்டு, 'பன்மை குறைவு' என்று அறிக்கையில் ஒரு வரி வேறு!

கேட்டால், "எங்கள் வழக்கமான அமைப்பு அதுதான்" என்றார்கள். சரி என்று நானே உட்கார்ந்தேன். நீக்கிய வரிசை உண்மையென்றால், அந்த மீனின் இரண்டு பிசிஆரிலும் வர வேண்டும். அதே மீனின் வேறு இரண்டு அல்லீலை ஒட்டினால் கிடைப்பதாக இருக்கக் கூடாது. மூன்று வாரம் பிடித்தது. நீக்கியவற்றில் ஐந்து திரும்ப வந்தன. அதில் நான்கு, ஒட்டுண்ணியின் புரதத் துண்டைப் பிடிக்கும் இடத்திலேயே மாறியவை.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. அடுத்த தட்டு மாதிரிகளும் இவர்களுக்கே போகும். படிவத்தில் 'பகுப்பாய்வு' கட்டத்தை மட்டும் டிக் செய்ய மாட்டேன்.