பழைய ஜாரி சிக்கிள் பார் மோவர்: எஞ்சினைவிட வெட்டும் பட்டையே முக்கியம்

மின்னசோட்டா மாநிலத்தின் மின்னியாபோலிஸ் நகரில் தயாரிக்கப்பட்ட, பின்னால் நடந்து ஓட்டும் புல்வெட்டிகளான பழைய ஜாரி சிக்கிள் பார் மோவர்கள் அமெரிக்கக் கிராமப்புற ஏலங்களில் இன்றும் கண்ணில் படுகின்றன. அப்படித் துருவேறிக் கிடந்த ஒன்றை வாங்கிச் சீர்செய்து, வேலியோரப் புதரையும் ஓடைக்கரைப் புல்லையும் வெட்டப் பயன்படுத்தி வருகிறேன். இடுப்பளவு வளர்ந்த புல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சிறிய இயந்திரத்தை நான் கண்டதில்லை. ஆனால் இதன் மதிப்பு எஞ்சினில் இல்லை. முன்னால் குறுக்கே நீண்டிருக்கும் வெட்டும் பட்டையில்தான் இருக்கிறது.

விற்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினை ஓட்டிக் காட்டி விலை பேசுவார்கள். அதில் மயங்க வேண்டாம். பல ஜாரிகளில் இருப்பது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின். அதற்கு உதிரிபாகம் கிடைப்பதும் எளிது, பழுது பார்ப்பதும் எளிது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, காண்டாக்ட் பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்தொடர்பு முனை) இடைவெளியை 0.020 அங்குலத்திலும் ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.030 அங்குலத்திலும் வைத்து, பழைய ஆயிலை மாற்றினாலே பெரும்பாலானவை உயிர்பெற்றுவிடும்.

பட்டை அப்படியல்ல. முக்கோணக் கத்தித் தகடுகள் ரிவெட் அடிக்கப்பட்ட நீண்ட கத்தி, பட்டையிலிருந்து முன்னோக்கி நீட்டி அசையாமல் நிற்கும் ‘விரல்கள்’ எனும் இரும்பு முனைகளுக்கு இடையே இடமும் வலமுமாக ஓடி, கத்தரிக்கோலைப் போலப் புல்லை நறுக்குகிறது. ஆகவே மேலே ஓடும் தகடு மட்டும் கூராக இருந்தால் போதாது. விரலுக்குள் பதிந்திருக்கும் லெட்ஜர் பிளேட் எனும் அசையாத தகட்டின் விளிம்பும் கூராக இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று உரசியபடி செல்லவும் வேண்டும். முதலில் பிளக் வயரைக் கழற்றிவிட்டுப் பட்டையின் ஒரு முனையில் குனிந்து, விரல்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கல்லில் மோதி ஒன்று மேலேறியிருந்தாலும் அந்த இடத்தில் புல் அறுபடாமல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அதன்பின் கத்தியைக் கையால் மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் தகட்டின் முனை விரலின் நடுவில் வந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். கத்தியை அழுத்திப் பிடிக்கும் கிளிப்புகள் தளர்ந்திருந்தால் தகடு எழும்பும், அளவுக்கு மேல் இறுகியிருந்தால் கத்தி சூடாகும்.

தேய்ந்த தகட்டை மாற்ற ரிவெட்டைத் துளையிட்டு எடுக்க வேண்டியதில்லை. கத்தியின் முதுகுப் பட்டையை வைஸ் எனும் பிடிகருவியின் தாடைகள் மேல் தாங்கவைத்து, தகடு இடையில் கீழ்நோக்கித் தொங்கும்படி விட்டு, பின்பக்கம் சிறிதே துருத்தி நிற்கும் தகட்டின் ஓரத்தில் சுத்தியலால் பலமாக அடித்தால் ரிவெட்டுகள் வெட்டுப்பட்டு விழுந்துவிடும். எஞ்சிய துண்டுகளை பஞ்ச் எனும் தட்டுக்கம்பியால் தட்டி எடுக்கலாம். விளிம்பில் பல் இல்லாத வழவழப்பான தகடுகளைச் சாணை பிடிக்கும்போது பழைய சரிவுக் கோணத்தை மாற்றாதீர்கள்.

இப்படிச் சீரமைத்த பட்டை, சுழல்கத்தி இயந்திரம் திணறி நின்றுவிடும் அடர்ந்த புல்லிலும் நிதானமாக முன்னேறுகிறது. புல்லைத் தூளாக்காமல் முழுத் தாளாகச் சாய்ப்பதால், உலர்புல்லாகக் காயவைத்து ஆட்டுக்குப் போட விரும்புவோருக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் அதிர்வு அதிகம். நீண்ட நேரம் பிடித்தால் கை மரத்துப்போகும். வீட்டுப் புல்தரைக்கு இது பொருந்தவே பொருந்தாது.

கவலைப்பட வேண்டியது பாதுகாப்பு. 1982-க்குப் பின் அமெரிக்காவில் தயாரான நடந்து ஓட்டும் சுழல்கத்திப் புல்வெட்டிகளில், கைப்பிடியை விட்டால் 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்பது விதி. பழைய சிக்கிள் பாரில் அத்தகைய ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. பட்டையில் சிக்கிய கம்பியையோ கொடியையோ எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்துவதோடு பிளக் வயரையும் கழற்றியே ஆக வேண்டும். வேலை இல்லாத நாட்களில் கத்தி முழுவதையும் மரச்சட்டத்தால் மூடிவையுங்கள். விரல்கள் உடைந்து, லெட்ஜர் பிளேட்டுகள் தேய்ந்து உருண்டுபோன இயந்திரத்தை, எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், உதிரிபாகங்களின் விலையைக் கழிக்காமல் வாங்காதீர்கள்.