ஒரே மாதிரி கூட்டாளிகளா, வேறுபட்டவர்களா?

கூட்டாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முன் வரும் முதல் கேள்வி இது: நம்மைப் போலவே படித்து நம்மைப் போலவே யோசிப்பவரைச் சேர்த்துக்கொள்வதா, நமக்குத் தெரியாததைத் தெரிந்தவரைத் தேடுவதா? என் கட்சி இரண்டாவதுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பலரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை யோசிக்கிறார்கள்.

முதலில் ஒத்தவர்களைப் பார்ப்போம். பில் ஹியூலெட், டேவிட் பேக்கார்ட் இருவருமே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்தவர்கள். 1939இல் 538 டாலர் முதலீட்டில் ஹியூலெட்-பேக்கார்ட் (எச்பி) என்ற மின்னணு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட கூட்டில் விளக்கம் சொல்லியே நேரம் போவதில்லை, நம்பிக்கையும் சீக்கிரம் வரும். சிக்கல் என்னவென்றால், இருவருக்கும் பிடித்த வேலைக்கு இரண்டு பேர் இருப்பார்கள், பிடிக்காத வேலைக்கு ஆளே இருக்காது. ஹியூலெட் தொழில்நுட்பப் பக்கமும் பேக்கார்ட் நிர்வாகப் பக்கமும் சாய்ந்ததால் அங்கே அது நடக்கவில்லை. ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்கும் தெரியாமல் போகும் ஆபத்து மட்டும் இந்த வகைக் கூட்டில் எப்போதும் இருக்கும்.

வேறுபட்டவர்கள் சேர்ந்து ஜெயித்ததற்கு நான் முதலில் சொல்வது சிஎஃப்எம் இன்டர்நேஷனல். 1974இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரான்ஸின் ஸ்னெக்மாவும் சரிபாதியாகத் தொடங்கிய விமான எஞ்சின் நிறுவனம். நாடு, மொழி, நிர்வாகப் பழக்கம் எல்லாமே வேறு. ஆனால் வேலைப் பிரிவினையில் குழப்பமே இல்லை: எரிபொருள் எரியும் உயர் அழுத்த உட்பகுதி அமெரிக்கர்களுக்கு, முன்விசிறியும் அதைச் சுழற்றும் தாழ் அழுத்த டர்பைனும் பிரெஞ்சுக்காரர்களுக்கு. பணத்திலும் அப்படித்தான். லாபத்தைப் பங்கு போடாமல் வருமானத்தைப் பங்கு போட்டார்கள். அவரவர் செலவு அவரவர் பொறுப்பு. இது எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! லாபத்தைப் பிரிப்பதாக இருந்தால் ஒருவர் செலவுக் கணக்கை மற்றவர் நோண்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சிஎஃப்எம்56 எஞ்சின்கள் 30,000க்கும் மேல் விற்பனையாகியிருக்கின்றன.

ஏர்பஸ் ஏ380 என்ற பெரிய பயணிகள் விமானத்தின் கதை வேறு. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் என்று நான்கு நாட்டுத் திறமை அதில் இருந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து பிரான்ஸின் துலூஸுக்கு வந்த பாகங்களில் இருந்த மின்கம்பிக் கட்டுகள் விமானத்தில் பொருந்தவில்லை. காரணம், ஜெர்மனியும் ஸ்பெயினும் கேட்டியா வடிவமைப்பு மென்பொருளின் 4ஆம் பதிப்பில் வேலை செய்தன. பிரான்ஸும் பிரிட்டனும் 5ஆம் பதிப்பில். ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. விமானங்களை ஒப்படைப்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. திறமைக்கு அங்கே குறைவே இல்லை. எல்லோரும் ஒரே கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆரம்பத்திலேயே யாரும் கண்டிப்பாகச் சொல்லாததுதான் குறை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பொருள் என்ன, வாடிக்கையாளர் யார் என்பதே இன்னும் தெளியாத நிலையில் ஒத்தவர்கள் போதும். அங்கே வேகம் முக்கியம். புதிய சந்தைக்கோ புதிய தொழில்நுட்பத்துக்கோ போகும்போது வேறுபட்டவர் இல்லாமல் முடியாது. அப்போது யார் வேலை எங்கே முடிகிறது, எந்தக் கருவியில் வேலை செய்கிறோம், கருத்து மோதினால் கடைசி முடிவு யாருடையது என்பதையெல்லாம் பங்கு விகிதம் பேசுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். அதைப் பேச எதிர்த்தரப்பு நேரம் ஒதுக்க மறுத்தால், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நான் அந்தக் கூட்டில் சேர மாட்டேன்.