பொடி டப்பாவா, இளம்பிள்ளைச் சேலையா?

போன ஆடியில் சேலம் அம்மாப்பேட்டை அண்ணி கையில் 15,000 ரூபாய் இருந்தது. வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்று யோசித்தபோது மூன்று வழி தெரிந்தது. உறவுக்காரர் ஒருவர் கூட்டிப்போன சத்துப்பொடி கம்பெனியில் 'ஐடி போடுவது', அதாவது உறுப்பினராகிப் பொடி வாங்கி, கமிஷனுக்காகக் கீழே ஆள் சேர்ப்பது; பக்கத்து நெசவூர் இளம்பிள்ளையில் சேலை எடுத்து விற்பது, வம்பே வேண்டாம் என்று சீட்டுக் கட்டுவது. அண்ணி ஐடி போட்டார். அவர் வீட்டு பீரோ மேல் இன்னும் ஏழு டப்பா உட்கார்ந்திருக்கிறது.

சேலை வியாபாரம் ஒன்றும் சுகமானதில்லை. 450 ரூபாய் வீதம் 30 சேலை எடுத்தால் 13,500 போய்விடும். ஒரு சேலைக்கு நூறு, நூற்றைம்பது நிற்கலாம். தீபாவளிக்கு முன்னால் ஓடும், மார்கழியில் தூங்கும். பத்துப் பேரில் நாலு பேர் "அடுத்த மாசம் தர்றேன் கண்ணு" என்பார்கள். ஆனால் தங்கிப்போன சேலையை அசலுக்குத் தள்ளலாம், ஐம்பது குறைத்தும் தள்ளலாம். அப்படியும் மிஞ்சினால் கட்டிக்கொள்ளலாம். நட்டம் எவ்வளவு என்று முதல் நாளே தெரியும்.

பொடிக்கு வாருங்கள். டப்பா 1,800 ரூபாய். நம்மை முன்பின் தெரியாத ஒருவர் கடையில் அதைப் பார்த்தால் அந்த விலைக்கு எடுப்பாரா? எடுக்க மாட்டார். கமிஷன் வரும் என்று நம்புகிறவர்தான் எடுப்பார். அதாவது சரக்கை வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே ஆள். இளம்பிள்ளைச் சேலையை வாங்குகிறவர் சேலைக்காக வாங்குகிறார், அவர் யாரையும் சேர்த்துவிட வேண்டியதில்லை. எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த மீட்டிங்குக்கு நானும் போனேன். கோட்டு போட்டவர் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு, "ஆறே பேரைச் சேருங்க, அவங்க ஆறு ஆறு பேரைச் சேர்ப்பாங்க" என்றார். நாலாவது வரிசையோடு நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்து நான் தொடர்ந்து பெருக்கினேன். எட்டாவது வரிசையில் மட்டும் 16,79,616 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகையே ஏறக்குறைய 8.3 லட்சம்தான், கைக்குழந்தையையும் சேர்த்து! ஒன்பதாவது வரிசை ஒரு கோடியைத் தாண்டுகிறது, மாவட்டமே பற்றாது. இன்னொன்றும் கவனித்தேன். சங்கிலி எந்த வரிசையில் நின்றாலும் ஆறில் ஐந்து பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆள் இல்லை. உழைப்பு போதவில்லை என்று அவர்களைத் திட்டி என்ன பயன்?

அமெரிக்காவில் இப்படி ஆள் சேர்த்து விற்கும் கம்பெனிகள் தாங்களே வெளியிடும் வருமானக் கணக்குகள் 70-ஐ அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தின் ஊழியர்கள் 2024-ல் அலசினார்கள். பெரும்பாலான உறுப்பினர்களுக்கு வருடத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவாகவோதான் கிடைத்திருக்கிறது. கைச்செலவை அதில் கழிக்கவில்லை.

"கவர்மென்ட் சட்டப்படி நடக்கிறோம்" என்று மேடையில் சொன்னார்கள். சட்டம் இருக்கிறது. ஆள் சேர்ப்பதால் மட்டும் பணம் சுழலும் திட்டங்களுக்கு 1978-லேயே தடை வந்துவிட்டது. 2021-ன் நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களை, அதாவது கீழே கீழே ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் திட்டங்களை, தடுக்கின்றன, சேர்வதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்கின்றன. அண்ணியிடமும் கட்டணம் கேட்கவில்லை. "முதல் மாசச் சரக்கு எடுத்தாத்தான் ஐடி ஆக்டிவ் ஆகும்" என்றார்கள், அவ்வளவுதான். அப்புறம் மாதாமாதம் எடுத்தார்.

சீட்டையும் இதையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அது தவறு. 1982-ம் வருடச் சட்டப்படி பதிவான சீட்டில் நடத்துகிறவரின் கமிஷனுக்கு உச்சவரம்பு இருக்கிறது. முன்பு 5 சதவீதம், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டில் ஒரு தவணைக்கு அதிகபட்சம் 7,000. சீட்டு எடுப்பவர் ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் பணம், கமிஷன் போக, சீட்டுக் கட்டுகிறவர்களுக்கே கழிவாகப் பிரிகிறது, புதிதாக யாரும் சேர வேண்டியதில்லை. பதிவில்லாத சீட்டு வேறு கதை, அதன் பக்கமே போகாதீர்கள். சீட்டில் பெரிய லாபம் கிடையாது, அது சேமிப்பு. முதல் போதாதவர்களுக்கு மகளிர் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 1989-ல் தொடங்கியதே பக்கத்துத் தருமபுரியில்தான்.

பணக்கணக்கில் அண்ணிக்குப் போனது இருபதாயிரத்துக்குள். மற்ற கணக்கு வேறு. தனக்குக் கீழே அவர் சேர்த்தது மூன்று பேரை. தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரர், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் சித்தி. சேலைக் கடன் நின்றால் கேட்டு வாங்கலாம், சண்டையும் போடலாம். இங்கே சித்தியின் பணம் அண்ணியிடம் இல்லை, ஆனால் அண்ணியை நம்பித்தான் கொடுத்தார்.

தை மாதத்திலிருந்து அண்ணி சேலை எடுக்கிறார். வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார், சித்திக்கும் போகிறது. நீல டிக் விழுகிறது. பதில் வருவதில்லை.