மேசை வட்டு விளையாட்டுக்கு மின்னணு ஸ்கோர் போர்டு செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? என் 42,000 போன கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன். போனது 42,000. அப்படி விட்டுவிடுகிற தொகை இல்லை எனக்கு.

ஒன்றரை வருடமாக ஒரு மேசை விளையாட்டை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். வழவழப்பான பலகை, இரண்டு முனையிலும் கோலுக்கு ஒரு பிளவு, 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டு, அடிப்பதற்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி. பலகையை மட்டும் ஆறு முறை மாற்றிச் செய்தேன். ஓரச் சட்டத்தில் பட்ட வட்டு துள்ளி வெளியே போகாமல் திரும்புவதற்கே இரண்டு மாதம் பிடித்தது. அது என் கைக்கு வரும் வேலை. மின்னணு வேலை வராது. கோல் விழுந்தால் தானாக எண் ஏற வேண்டும், 7 வந்ததும் பஸர் அடிக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

வேலை தெரிந்தவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் இணையதளங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில்தான் அந்த ஆளைப் பிடித்தேன். நல்ல நட்சத்திர மதிப்பீடு, பொறுமையான பேச்சு. மாதிரிப் பலகை ஒன்றையும் வட்டையும் அனுப்பிவைத்தேன். பத்து நாளில் ஒரு வீடியோ வந்தது. 19 வினாடி. என் பலகையில் என் வட்டு சறுக்கிக்கொண்டு போய்ப் பிளவுக்குள் விழுகிறது, சிவப்பு எண் 0 போய் 1 வருகிறது. மறுபடியும் அடிக்கிறார், 2. மறுபடியும், 3. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இத்தனை நாள் நோட்டில் கோடு கோடாகக் கிடந்தது கண் முன்னால் ஓடுகிறதே என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து அடுத்த செய்தி. "தளத்துல கமிஷன் ரொம்பப் பிடிக்கிறாங்க சார். நேரா அனுப்பிட்டீங்கன்னா பாகங்களை இன்னிக்கே வாங்கிடுவேன்." வேலை முடிய முடியத் தளத்தின் வழியாகப் பகுதி பகுதியாகத் தருவதாகத்தான் முதலில் பேச்சு. வீடியோவையே பார்த்துவிட்டோமே, இனி என்ன சந்தேகம் என்று முழுத் தொகையையும் ஒரே தடவையில் அனுப்பினேன். 42,000.

பெட்டி வந்தது ஒரு சாயங்காலம். மாட்டிப் பார்த்தேன். மெதுவாகத் தள்ளினால் எண் ஏறியது, சில தடவை ஒரே கோலுக்கு இரண்டு ஏறியது. ஓங்கி அடித்தால் ஏறவே இல்லை. இரண்டும் கலந்து ஆடினால் பத்து கோலில் இரண்டோ மூன்றோதான் கணக்கில் வந்தது. மறுநாள் காலையில் ஜன்னல் வெயில் பலகைமேல் விழுந்ததும் அதுவும் நின்றுபோனது. கறுப்புத் துணியால் மூடினால் வேலை செய்கிறது, எடுத்தால் செத்துவிடுகிறது.

கேட்டதற்கு வந்த பதில்களை அப்படியே தருகிறேன். முதல் நாள்: "பார்சல்ல அசைஞ்சிருக்கும் சார், ஆட்டிப் பாருங்க." மூன்றாம் நாள்: "நீங்க ரொம்ப வேகமா அடிக்கிறீங்க." வட்டை வேகமாக அடிப்பதுதானே ஐயா விளையாட்டு! ஐந்தாம் நாள்: "இருட்டு ரூம்ல வெச்சு ஆடச் சொல்லுங்க." அப்புறம் ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு, "அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம், 15,000 ஆகும்." ஏற்கெனவே வாங்கிய 42,000-ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு நான் அனுப்பிய எல்லாமே படித்ததாகக் காட்டுகிறது, பதில் மட்டும் கிடையாது. தளத்துக்கு எழுதினேன். பரிவர்த்தனை வெளியே நடந்ததால் தலையிட இயலாது என்ற ஒரே வரி, மூன்று தடவை, ஒரு எழுத்துகூட மாறாமல்.

மின்னணு தெரிந்த நண்பர் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிளவின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடும் எல்இடி, எதிர்ப்பக்கம் அதை வாங்கும் ஏற்பி; நடுவில் வட்டு போய்க் கதிர் அறுந்தால் எண் ஏற வேண்டும். அவர் போட்ட கணக்கு எளிமையானது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிற 50 மில்லிமீட்டர் வட்டு ஒளிக்கதிரை மறைப்பது வெறும் 10 மில்லிவினாடி. இந்தப் பெட்டியிலோ விரலை வைத்துக் கால் வினாடியாவது மறைத்தால்தான் எண் ஏறுகிறது. அதாவது 250 மில்லிவினாடி. கதிர் அறுந்த கணமே மற்ற வேலையை நிறுத்திவிட்டுக் குறித்துக்கொள்ள இன்டரப்ட் என்ற வசதி பெட்டியை இயக்கும் சில்லுக்குள்ளேயே (சிப்) இருக்கும், அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. வெயில் விவகாரமும் புதிதல்ல. வெயிலிலேயே அகச்சிவப்பு நிறைய உண்டு, அது ஏற்பியை நிரப்பிவிட்டால் நடுவில் வட்டு போனது அதற்குத் தெரியாது. டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியை வினாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கவிடுவதும், ஏற்பி அந்தத் துடிப்பை மட்டும் கவனிப்பதும் இதற்காகத்தான். பெட்டி செய்த ஆள் வைத்திருந்தது துடிக்காமல் சும்மா எரிகிற ஒரு எல்இடி. அமெரிக்காவின் பிரன்ஸ்விக் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த, காற்றில் மிதக்கும் வட்டை அடித்து ஆடும் ஏர் ஹாக்கி மேசையிலேயே கோல் பிளவுக்குள் ஒளி உணரி வைத்து எண்ணினார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் முடிந்த வேலை!

அதைவிட வயிறு எரிந்தது இன்னொன்றைப் பார்த்து. சில்லின் மேலே பெயர் அச்சடித்திருக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருக்கிறார். விரலால் தடவினால் அந்தச் சொரசொரப்பு தெரிகிறது. உள்ளே இருக்கும் நிரலுக்கும் பூட்டு. பூட்டை எடுக்க வேண்டுமென்றால் நிரலையே அழித்துத்தான் எடுக்க முடியும். காசு கொடுத்தது நான், நிரலும் இல்லை, சர்க்யூட் வரைபடமும் இல்லை.

நேற்று ராத்திரி அந்த வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். இரண்டாவது கோல். வட்டு இன்னும் பிளவுக்கு ஒரு சாண் வெளியே இருக்கிறது, எண் மாறிவிட்டது. ஆறு பிரேம் முன்னாலேயே. வினாடிக்கு 30 பிரேம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு வினாடி. அவருடைய இடது கை வீடியோ முழுக்கக் கண்ணிலேயே படவில்லை. மேசைக்குக் கீழே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று பத்து விஷயம் எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: தளத்துக்கு வெளியே ஒரு காசு அனுப்பாதீர்கள். வீடியோ கேட்டால் நல்ல வெயிலில், இரண்டு கையும் தெரிய, ஓங்கி அடித்துக் காட்டச் சொல்லுங்கள், வந்ததைக் கால் வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். நிரலும் வரைபடமும் கைக்கு வந்த பிறகுதான் கடைசிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். சில்லைத் தேய்த்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

அந்த 19 வினாடி வீடியோ இன்று காலையிலும் அவருடைய பக்கத்தில் முதலில் நிற்கிறது. தான் செய்த வேலைக்கு மாதிரி என்று போட்டு வைத்திருக்கிறார். அதில் ஓடுவது என் பலகை, என் வட்டு.