அடைப்புக்குறிக்குள் ஒரு எண்: நான்கு வருடமாகக் கட்டி மேய்த்த கதை

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றின் இணையத்தளத்தை 2021இலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு எல்லோரும் பழைய வண்டியையே தட்டிக்கொட்டி ஓட்டிய காலம் அது. சாமான் தேடுகிறவர்கள் கூடினார்கள். கடை முதலாளி நானாவின் ஆசை ஒன்றுதான்: 'விட்ஸ்' என்று டொயோட்டா கார் பெயரை அடித்தால் பக்கத்தில் பிரேக் (34), சஸ்பென்ஷன் (21), லைட் (12) என்று வகைவாரியாக எண்ணிக்கை தெரிய வேண்டும்.

முதலில் வகைக்கு ஒரு குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி என்று ஓட்டினேன். நாற்பது வகை, நாற்பது குவெரி. என் லாப்டாப்பில் பறந்தது. மலிவு சேர்வரில் பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். பிறகு வகைவாரியாகப் பிரித்து எண்ணும் குரூப் பை (GROUP BY) போட்டு ஒரே குவெரியாக்கினேன், சீக்கிரம் தேடியெடுக்க வகை எண்ணுக்கு இண்டெக்ஸும் போட்டேன். அதோடு அந்தத் தலைவலி தீர்ந்தது.

அடுத்ததுதான் என்னை அலைக்கழித்தது. "இல்லாத சாமானையும் இல்லை எண்டு காட்டு தம்பி, சும்மா ஒளிக்காத" என்றார் நானா. சரி, வகை அட்டவணையை இடப்பக்கமும் சாமான் அட்டவணையை வலப்பக்கமும் வைத்து இரண்டையும் இணைக்கும் லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) எழுதினேன். காலியான வகைகள் எல்லாம் பூச்சியத்துக்குப் பதில் 1 என்று காட்ட ஆரம்பித்தன. எனக்குத் தெரியவே இல்லை. 2022இல், பெட்ரோல் வரிசையில் ஆட்கள் இரவைக் கழித்த நாட்களில், 'ரேடியேட்டர் (1)' என்பதைப் பார்த்துவிட்டு ஒருவர் வத்தளையிலிருந்து த்ரீவீலர் பிடித்து வந்துவிட்டார். கடையில் ரேடியேட்டர் ஒன்றுகூட இல்லை. அவர் திட்டியது நானாவை, நானா திட்டியது என்னை.

காரணம் சின்னது. சாமானே இல்லாத வகைக்கும் லெஃப்ட் ஜாயின் ஒரு வரியைத் தரும். வலப்பக்கம் மட்டும் வெறுமையாக, அதாவது நல் (NULL) ஆக இருக்கும். எண்ணிக்கை தரும் கவுண்ட்டுக்குள் (COUNT) நட்சத்திரக் குறி போட்டால் அது வரிகளை எண்ணும், அந்த வெறும் வரியும் ஒன்றாகிவிடும். சாமானின் ஐடியைப் போட்டால் நல்லைத் தாண்டிப் போகும், பூச்சியம் வரும். திருத்தியது ஒரே ஒரு இடம். அப்புறம் விலை வடிகட்டியைச் சேர்த்தபோது பூச்சியங்கள் மொத்தமாகக் காணாமல் போயின. நிபந்தனையை, இணைத்த பிறகு வரிகளைச் சலிக்கும் 'வேர்' (WHERE) பகுதியில் எழுதியிருந்தேன். நல் அங்கே தேறாது, வரியே விழுந்துவிடும். இணைக்கும்போதே பார்க்கும் ஜாயினின் 'ஆன்' (ON) பகுதிக்கு மாற்றியதும் திரும்பி வந்தன.

ஒரே பிரேக் பேட் ஐந்து மொடலுக்குப் பொருந்தும் என்பதால் ஐந்தாக எண்ணப்பட்டதும் நடந்தது. அதற்கு, ஒன்றை ஒரு தடவை மட்டும் எண்ணும் டிஸ்டிங்க்ட் (DISTINCT) போதும். ஆனால் நானா கல்குலேட்டரை எடுத்துக்கொண்டு வந்தார்: "கூட்டினா 67, மேல 61 எண்டு போட்டிருக்கே?" வீல் ஹப் போல ஆறு சாமான்கள் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் இருக்கின்றன. இரண்டு எண்களும் சரிதான். கணக்குப் புத்தகம் பார்த்தே பழகியவருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு மாலை முழுக்கப் போனது.

பிரேக்கை டிக் செய்ததும் மற்ற வகைகள் எல்லாம் பூச்சியமானது இன்னொரு கூத்து. ஒரு குழுவுக்கு எண்ணும்போது அந்தக் குழுவின் தெரிவை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் இப்போது வகை, வாகனம், புதியதா ரீகண்டிஷனா என்று மூன்று குவெரிகள் ஓடுகின்றன. மூன்றுதானே, பரவாயில்லை. எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருளுக்கு மாறு என்று நண்பர்கள் சொல்லாமலில்லை. தரவு பல ஷார்டுகளில், அதாவது துண்டுகளில் பிரிந்திருந்தால் அதன் வகை எண்ணிக்கை தோராயமாக வரக்கூடும். தவிர, ஒன்பதாயிரம் சாமானுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

தமிழில் எண்ணிக்கை பிழைத்தால் குவெரியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். நானாவின் பழைய விலைப்பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது: திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துக் குவியல். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் தேடினால் ஒன்றும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் 'ஷொக்' (ஷொக் அப்சோபர்) பாதிதான் கிடைத்தது. அந்த 'ஷொ'வின் உயிர்க்குறி சில வரிகளில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருந்தது. எழுத்தை ஒப்பிட்டுத் தேடும் லைக் (LIKE) போட்டுத் தேடினால் இரண்டும் வேறு வேறு. சேமிக்கும்போதே, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுகிறேன், தேடுசொல்லையும் அப்படியே.

ஒவ்வொரு முறையும் எண்ணாமலிருக்க, எண்ணிக்கையைப் பத்து நிமிடம் கேஷில் (cache, தற்காலிகச் சேமிப்பு) வைத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கடைசிச் சாமான் கவுண்டரில் விற்றுப்போனால் தளத்தில் 1 என்றே நிற்கும். வத்தளைக்காரர் ஞாபகத்துக்கு வரவே, பில் போட்டதும் அந்த வகையின் கேஷை அழிக்கும்படி செய்துவிட்டேன். நானா கையால் பில் எழுதும் நாட்களில் மட்டும் இன்னும் பிசகுகிறது.