‘இப்போது வேண்டாம்’ என்று எந்தக் கணினியிடம் சொல்லலாம்? விண்டோஸ், மேக், லினக்ஸ்: ஓர் ஒப்பீடு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து சர்வீஸ் கடைகளில் ஒரே கேள்விதான்: “இந்த மெஷின்ல பதினொன்னு ஏறுமா?” ஏறும் என்றால் ஏற்றிவிடுகிறார்கள், ஏறாது என்றால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். ஏற்றிய பிறகு அந்தக் கணினி யார் பேச்சைக் கேட்கும் என்ற கேள்வி எழுவதே இல்லை.

நான் அதைத்தான் கேட்கப்போகிறேன். வேகம், அழகு, கேமிங் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுகிறேன். அவற்றை அலச நிறையப் பேர் இருக்கிறார்கள். அக்கவுண்ட் இல்லாமல் உள்ளே விடுமா, அப்டேட்டைத் தள்ளிப்போட முடியுமா, பூட்டிய டிஸ்க்கின் சாவி யாரிடம், பிடிக்காவிட்டால் நம் கோப்புகளோடு வெளியேற முடியுமா? இந்த நான்கில்தான் ‘என் கணினி’ என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

உள்ளே நுழையும்போதே

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை நிறுவும்போது முதலில் இணைய இணைப்பு கேட்கும், அடுத்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்கும். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பொத்தானே இருக்காது. ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு நுழையும் வித்தை கடைப் பையன்களுக்கெல்லாம் மனப்பாடம். 2025-இல் வந்த சோதனைப் பதிப்புகளில் இந்த மாதிரிக் குறுக்கு வழிகளை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தது. ப்ரோ பதிப்பில் அலுவலக டொமைனில் (நெட்வொர்க்கில்) சேரப்போவதாகச் சொல்லி, கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் அக்கவுண்ட் திறக்கலாம். ரூஃபஸ் மென்பொருளால் பென் டிரைவ் தயாரித்தால் அக்கவுண்ட் நிபந்தனை, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்ற நிபந்தனை இரண்டையும் தாண்டலாம். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் நிறுவனம் என்று பெயர் வாங்கிய ஆப்பிள் இந்த இடத்தில் தாராளம். புது மேக்கைத் திறந்தால் ஆப்பிள் அக்கவுண்ட் கேட்கும்தான். பிறகு பார்க்கிறேன் என்று தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆப் ஸ்டோரும் ஐகிளவுடும் கிடைக்காது, அவ்வளவே. மூலநிரல் திறந்திருக்கும் இயங்குதளமான லினக்ஸ் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அந்தப் பெயர் ‘முனியாண்டி’யாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கூகுளின் இயங்குதளம் ஓடும் லேப்டாப்பான குரோம்புக்கில் விருந்தினராக நுழைந்து பிரவுசர் பார்ப்பதைத் தவிர மற்றதெல்லாம் கூகுள் அக்கவுண்ட்டின் மேல்தான் நிற்கிறது. பத்தாண்டு அப்டேட், வைரஸ் தொல்லை குறைவு, பள்ளிப் பிள்ளைக்கு நல்ல பொருள். கட்டுப்பாடு என்ற பேச்சில் மட்டும் அதற்கு இடமில்லை, இத்துடன் விட்டுவிடுகிறேன்.

அப்டேட் யார் முடிவு?

விண்டோஸ் ஹோமில் அப்டேட்டை அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்திவைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் நிலுவையில் உள்ளதை முதலில் போட்டாக வேண்டும். ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி என்ற அமைப்பு வழியாகப் பெரிய மேம்பாட்டை 365 நாள் வரையும், மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரையும் தள்ளலாம். கணினியிலிருந்து மைக்ரோசாஃப்ட்டுக்குப் போகும் தகவலை முழுமையாக நிறுத்தும் அமைப்பு என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும்தான் உண்டு. ஹோமிலும் ப்ரோவிலும் ‘கட்டாயத் தகவல்’ என்று ஒன்று போய்க்கொண்டே இருக்கும்.

இதைவிட வேடிக்கை எல்.டி.எஸ்.சி. என்ற பதிப்பு. பல ஆண்டுகளுக்கு முகம் மாறாமல், புதிய அம்சம் எதுவும் வந்து விழாமல், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறும் விண்டோஸ் அது. மருத்துவக் கருவிகளையும் தொழிற்சாலை இயந்திரங்களையும் இயக்கும் கணினிகளுக்காக வந்தது. விண்டோஸ் 10-இன் ஐ.ஓ.டி. (கருவிகளுக்கான) எல்.டி.எஸ்.சி. 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு இருக்கிறது. நமக்கு நின்றுபோன அதே விண்டோஸ் 10! அமைதியான விண்டோஸைச் செய்ய அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தனி ஆளுக்கு அதை விற்பதில்லை, அவ்வளவுதான். விண்டோஸில் கட்டுப்பாடு என்பது பதிப்புக்குப் பதிப்பு அளந்து விற்கப்படும் சரக்கு. ஹோம் வாங்கியவருக்குக் கடைசி அளவு.

(விண்டோஸ் 10-லேயே நீடிக்க நினைக்கும் வீட்டுப் பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு இருக்கிறது. முப்பது டாலர் கட்டலாம். அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு இணைத்து இலவசமாகப் பெறலாம். எந்த வழியில் போனாலும் நம் ஊரில் அக்கவுண்ட் வேண்டும்.)

மேக்கில் தானியங்கி அப்டேட்டை மொத்தமாக அணைத்துவிடலாம். பழைய மேக்ஓஎஸ்ஸிலேயே ஆண்டுக்கணக்கில் கிடப்பவர்கள் ஏராளம். அங்கே பிடி இறுகும் இடம் வேறு. ஆப்பிளிடம் பதிவு செய்யாத ஒருவர் எழுதிய செயலியைத் திறக்க முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்தால் போதும். 2024-இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான செக்கோயா அதை எடுத்துவிட்டது. இப்போது சிஸ்டம் செட்டிங்ஸுக்குப் போய், பாதுகாப்புப் பக்கத்தின் அடியில் தேடி அனுமதி கொடுக்க வேண்டும். முடியும், ஆனால் சலிக்க வைக்கிறார்கள். 2020 நவம்பர் 12 அன்று, பிக் சர் என்ற மேக்ஓஎஸ் பதிப்பு வெளியான நாளில், ஆப்பிளின் சான்றிதழ் சரிபார்ப்பு சர்வர் திணறியது. உலகம் முழுக்க மேக்குகளில் செயலிகள் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆயின. தன் மேசையில் இருக்கும் கணினியில், தானே நிறுவிய செயலியைத் திறக்க இன்னொரு நிறுவனத்தின் சர்வர் நன்றாக இருக்க வேண்டும் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

லினக்ஸின் பல வகைகளில் ஒன்றான மின்ட்டில் அப்டேட் மேனேஜர் ஒரு பட்டியல் காட்டும். எது பாதுகாப்புத் திருத்தம், எது கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), எது வெறும் மென்பொருள் என்று பிரித்திருக்கும். வேண்டாததை டிக் எடுத்துவிட்டு மற்றதைப் போடலாம், அல்லது மூடிவிட்டுப் போகலாம். போட்டது கெட்டுப்போனால், டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஏற்கெனவே எடுத்துவைத்த நிலைக்குத் திரும்பலாம். எடுத்துவைத்திருந்தால்தான், அதை நினைவூட்டுவதோடு மின்ட் நின்றுகொள்ளும், செய்ய வேண்டியது நாம்.

சாவி

எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால், டிஸ்க் தானாகவே மறையாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும். நல்ல விஷயம்தான், லேப்டாப் திருடுபோனால் கோப்பு போகாது. ஆனால் இது நடந்ததே பலருக்குத் தெரியாது. ஒரு நாள் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்வார்கள், அல்லது மதர்போர்டு மாற்றுவார்கள். நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அந்த எண், நிறுவும்போது அவசரத்துக்குத் திறந்த ஏதோ ஓர் அக்கவுண்ட்டில் இருக்கும். அதன் கடவுச்சொல் மறந்திருக்கும். கடைக்காரர் தன் மெயில் ஐ.டி.யில் நிறுவிக் கொடுத்திருந்தால் இன்னும் விசேஷம்: வீட்டுப் படங்களின் சாவி கடைக்காரரின் அக்கவுண்ட்டில் இருக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, பெரிய நிறுவனங்களே இந்த எண்களைத் தேடித்தான் அலைந்தன.

சாவியின் நகல் மைக்ரோசாஃப்ட்டிடம் இருப்பதால், சட்டப்படி கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் நிலையிலும் அது இருக்கிறது. அக்கவுண்ட் பக்கத்தில் போய் அந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலேயே இருப்பதாக முடிவு செய்தாலும் இதையாவது இன்றே செய்துவிடுங்கள்.

மேக்கின் டிஸ்க் பூட்டான ஃபைல்வால்ட்டில் மீட்புச் சாவியை ஐகிளவுடை நம்பாமல் நாமே குறித்து வைத்துக்கொள்ள வழி உண்டு. லினக்ஸில் நிறுவும்போது ‘டிஸ்க்கை மறையாக்கு’ என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடவுச்சொல் நம் தலையில் மட்டும் இருக்கும். மறந்தால் போனது போனதுதான், கெஞ்சுவதற்கு ஆளில்லை. முழுக் கட்டுப்பாடு என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள். கடவுச்சொல்லை அடிக்கடி மறக்கும் ஒருவருக்கு லினக்ஸ் மறையாக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லினக்ஸ் என்றால் எல்லாம் ஒன்றல்ல

லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை வழக்கமான ஆப்ட் கட்டளையில் நிறுவச் சொன்னாலும், 22.04 பதிப்பிலிருந்து வந்து இறங்குவது ஸ்னாப் என்ற தனி வடிவ மென்பொருள் பொட்டலம். ஸ்னாப் கடையை நடத்துவது உபுண்டுவின் தாய் நிறுவனமான கனோனிக்கல் மட்டும். பொட்டலங்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். கட்டளை கொடுத்தால் நிறுத்தலாம். கொடுக்கும் வரை நிற்காது. 2012-இல் இதே உபுண்டு, கணினிக்குள் கோப்பைத் தேடினால் கூடவே அமேசான் பொருட்களைக் காட்டியது. எதிர்ப்புக்குப் பின் 2016-இல்தான் அது இயல்புநிலையில் அணைக்கப்பட்டது. மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதுதான், ஆனால் 2020 முதல் ஸ்னாப்பை வாசலில் நிறுத்திவிட்டது.

டெபியன் என்ற லினக்ஸுக்குப் பின்னால் நிறுவனமே இல்லை. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. தன்னார்வலர்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிறார்கள். 2022-இல் அப்படி ஓட்டுப் போட்டுத்தான், வைஃபை போன்ற சாதனங்களை இயக்கும், கட்டற்ற மென்பொருள் அல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவல் கோப்பில் சேர்த்தார்கள். கொள்கை கொஞ்சம் வளைந்தது, லேப்டாப்பில் வைஃபை வேலை செய்தது. நல்ல பேரம் என்பேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அதன் ஆயுள் முழுக்கப் பெரிதாக முகம் மாற்றாது. புதிய அம்சம் வேண்டுவோருக்குச் சலிக்கும்.

சமூகமும் நிறுவனமும் சேர்ந்த இடங்களில் ஏமாற்றம் வராது என்றும் சொல்ல முடியாது. சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்று இருந்ததை, 2020 டிசம்பரில் ரெட் ஹாட் நிறுவனம் 2021 இறுதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 10 விஷயத்திலிருந்து இது வேறுபடுவது அடுத்து நடந்ததில்தான்: மூலநிரல் திறந்திருந்ததால் ராக்கி, அல்மா என்று இரண்டு மாற்றுகள் முளைத்து, பயனர்கள் அப்படியே மாறிக்கொண்டார்கள். விண்டோஸ் 10-ஐ அப்படி எடுத்து நடத்த யாராலும் முடியாது.

பாமினி, பேஜ்மேக்கர், பிரிண்டர்

இவ்வளவு சொல்லியும் தமிழ்நாட்டின் டி.டி.பி. சென்டர்களில் விண்டோஸ் அசையாது. காரணம் மைக்ரோசாஃப்ட் கூட இல்லை. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும், பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும்தான். திருமணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் என்று இருபது வருட வேலை அந்தக் கோப்புகளில் கிடக்கிறது. அவற்றில் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்தே அல்ல; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்காரவைத்த தமிழ் உருவங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன், ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவைப்பதே வெளியேறும் வழி. தட்டச்சு பிரச்சினை இல்லை: தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகக் கிடைக்கிறது, மேக்கில் அஞ்சல் விசைப்பலகையும் தமிழ்99-உம் உள்ளேயே இருக்கின்றன.

டேலி வைத்துக் கணக்கு எழுதுபவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் குத்துபவர் ஆகியோரும் விண்டோஸில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அவர்களுக்கு என் பரிந்துரை: ப்ரோ பதிப்பு, லோக்கல் அக்கவுண்ட், தாளில் சாவி எண். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் கேட்காமல் தன் பக்கம் இழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீடியோ எடிட்டிங், இசை என்று வேலை செய்பவருக்கு மேக் நல்லது. வாங்கும்போதே முழு ஆயுளுக்கும் யோசித்து வாங்க வேண்டும். மேக்புக்கில் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போர்டில் ஒட்டியிருக்கும். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டாஹோதான் கடைசிப் பதிப்பு. ஆப்பிளின் சொந்தச் சிப்களான எம்1, எம்2 உள்ள மேக்குகளில் அசாஹி என்ற லினக்ஸ் ஓடும்; அதற்குப் பிந்தைய சிப்களில் இன்னும் நம்பி இறங்க முடியாது. செகண்ட்ஹேண்டில் இன்டெல் மேக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை.

பிரவுசர், மெயில், ஆபீஸ் கோப்பு, படம் பார்ப்பது என்று இருக்கும் வீட்டுக் கணினிக்கு, அதுவும் விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிக்கு, மின்ட்தான் என் தேர்வு. சந்தேகம் வந்தால் சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழிலேயே கேட்கலாம்.

நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, தமிழ் தட்ட வருகிறதா, முக்கியமாகப் பிரிண்டர் வேலை செய்கிறதா. நம் ஊரில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய கேனன் எல்.பி.பி. 2900 லினக்ஸில் ஒழுங்காக ஓட நிறையப் பாடுபட வேண்டும். எச்.பி. லேசர்ஜெட் 1020 ஒரு கூடுதல் பிளக்இன் கேட்டுவிட்டு ஓடிவிடும். வீட்டில் 2900 இருந்து, அதை மாற்றவும் மனமில்லை என்றால், பழைய விண்டோஸை ஒரு சிறு பார்ட்டிஷனில் இணையம் இல்லாமல் விட்டுவையுங்கள். பிரிண்ட் போட மட்டும்.