மயில் பச்சையா, தந்த வெள்ளையா?

எங்கள் வீட்டில் ஓயாமல் பேசுகிறவன் நான். சுவருக்குத் தந்த வெள்ளை போதும் என்றவனும் நான்தான். அளந்து அளந்து பேசும் என் மனைவி கேட்டதோ மயில் பச்சை. 'கலகலப்பானவர்களுக்கு அடர் நிறம், அமைதியானவர்களுக்கு வெளிர் நிறம்' என்று கடையில் சொன்ன கணக்கு எங்கள் இரண்டு பேரிடமுமே பொய்த்துப்போனது. கடைசியில் ஹாலில் டிவி மாட்டும் சுவர் அவள் விருப்பம், படுக்கையறை என் விருப்பம் என்று சமாதானம் ஆனோம். திருச்சியில் தரைத்தளத்து ஃபிளாட். இரண்டு நிறத்தோடும் நான்கு வருடம் குடியிருந்தாயிற்று.

முதல் நாள் ஜெயித்தது பச்சைதான். வந்தவர்கள் எல்லாம் அந்தச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். படுக்கையறையை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளிர் நிறத்தில் அறை பெரிதாகத் தெரியும், அடர் நிறத்தில் சுருங்கும் என்பதெல்லாம் தெரிந்த கதை, விடுங்கள். விளக்கை மட்டும் கவனியுங்கள். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை டியூபில் பார்த்த பச்சை, 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் வேறு பச்சை. தந்த வெள்ளையும் மாறும், ஆனால் கொஞ்சம் வெண்ணெய் நிறமாகும், அவ்வளவுதான். ஷேடு கார்டில் விரலளவு பார்த்து முடிவு செய்யாமல், சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, பகலிலும் ராத்திரியிலும் பார்த்துவிடுவது நல்லது.

செலவு? வெள்ளை இரண்டு கோட்டில் முடிந்தது, பச்சை நான்கு கோட் வாங்கியது. கீழே இருப்பதை மறைக்கும் வேலையைப் பெயிண்டில் செய்வது டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். அடர் நிறம் கலக்க எடுக்கும் பேஸில், அதாவது நிறம் சேர்க்கும் முன் இருக்கும் பெயிண்டில், அது குறைவு. அதனால் அடிக்க அடிக்க அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். இதுகூட ஒரு தடவை செலவுதான்.

என்னை முடிவாக வெள்ளைப் பக்கம் நிறுத்தியது டச்-அப், அதாவது பழுதான இடத்தை மட்டும் தொட்டுப் பூசுவது. இரண்டாவது வருடம் டிவியை அரையடி கீழே இறக்கினோம். பழைய நான்கு ஓட்டையையும் பட்டி வைத்து அடைத்து, பரணில் பத்திரமாக வைத்திருந்த மிச்சப் பெயிண்டையே தொட்டுப் பூசினேன். அதே டப்பா, அதே ஷேடு நம்பர். காய்ந்ததும் பார்த்தால் நான்கு வட்டப் பொட்டு! சுவர் இரண்டு வருட வெளிச்சத்தில் மங்கியிருந்தது, டப்பாவுக்குள் இருந்த பெயிண்ட் மங்கவில்லை. போதாததற்கு சுவர் ரோலரில் அடித்தது, நான் பூசியது பிரஷ்ஷில். இழுப்பு வேறு, பளபளப்பு வேறு. பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். "சார், தொடத் தொடத் திட்டுத்தான் விழும். மூலைக்கு மூலை முழுசா அடிச்சாத்தான் உண்டு." நான்கு ஆணி ஓட்டைக்கு ஒரு முழுச் சுவர்!

படுக்கையறையிலும் ஏசிக்காரர் தப்பான இடத்தில் துளை போட்டார். அடைத்துப் பூசினேன். இன்றைக்கு அந்த இடத்தைக் காட்டச் சொன்னால் நானே தேட வேண்டும்.

வெள்ளையில் குறை இல்லாமலில்லை. சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கைரேகை, கட்டில் தலைமாட்டில் எண்ணெய்க் கறை. ஆனால் கழுவக்கூடிய எமல்ஷன் என்பதால் ஈரத்துணியில் போய்விடுகிறது. பளபளப்பில்லாத பச்சை மேட் சுவரில் அழுக்கு தெரியாது. தெரிந்து துடைத்தால், துடைத்த இடம் மினுமினுவென்று தனியாகத் தெரியும்.

பச்சைக்கு ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. மூன்றாம் வருடம் கீழ்ப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. ஓதம் ஏறுகிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டு குழாய்க் கசிவைச் சரிசெய்தோம். வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் பட்டி பொரிந்து கொட்டிய பிறகுதான் கவனித்திருப்போம்.

இதெல்லாம் உள்சுவர்க் கணக்கு. வெளிச்சுவர், வால்பேப்பர் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கோ இந்தக் கேள்வியே இல்லை.

போன பொங்கலுக்கு ஹாலையும் தந்த வெள்ளையாக்கினோம். மயில் பச்சையை அவள் விடவில்லை. இப்போது அது ஹால் கதவில் எனாமலாக இருக்கிறது. கதவுக்கு நான்கு பக்கமும் விளிம்பு உண்டு. கீறல் விழுந்தால் ஒரு லிட்டர் டப்பாவில் முழுக் கதவையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடித்துவிடலாம். போட்டோ எடுக்க வருகிறவர்கள் இப்போது கதவருகே நிற்கிறார்கள்.